சனிக்கிழமை எண்ணெயும் ஒரு கேம் ஷாஃப்டும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் கிளம்பிவிடும். மூளை எங்கேயோ உட்கார்ந்து ஒரு சாயா குடித்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வந்து சேரும். இந்தக் குணத்தால் நான் இழந்தவை பல. பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் நினைத்தால், அறையில் தனியாக இருக்கும்போதுகூட இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. மட்டாஞ்சேரி பஜாரில் எண்ணெய்க் கடை வைத்திருந்த ஒரு மனிதருக்கு நான் செய்தது அது. அவரை நான், கொச்சி முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, இக்கா என்று கூப்பிடுவேன்.

என் தொழில் எஞ்சின் டியூனிங். கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று நினைக்கிற ஆட்களின் கார்களைப் பிரித்து, தேய்த்து, மாற்றி, கொஞ்சம் கூடுதலாக ஓட வைப்பது. அப்பா தமிழ்நாட்டிலிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்காகக் கொச்சிக்கு வந்தவர். நான் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்தைப் பெரியவனான பிறகு பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன். எங்கள் காலனியிலிருந்து வந்தவன் கார் மெக்கானிக் ஆனதே சிலருக்கு வியப்பு. பணக்கார வீட்டுப் பையன்கள் எர்ணாகுளத்திலிருந்து பாலம் தாண்டி என்னிடம் வண்டி கொண்டுவந்தது, உண்மையைச் சொன்னால், எனக்கே வியப்பு. அதனால் தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது.

பட்டறை ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கிய பாண்டிகசாலை, சரக்குக் கிடங்கு. வெயில் ஏறினால் சுவரிலிருந்து சுக்கு வாசனை வரும். பின்பக்கம் இரண்டு அறை, அதுதான் வீடு. தொண்ணூறுகளில் அங்கே வந்தவை எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றைச் சரிபார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காதும் போதும். நான் பானட்டில் கை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். பஜாரில் அது ஒரு வேடிக்கைக் காட்சியாகவே ஆகியிருந்தது.

வேலை முடிந்த வண்டியை நானே ஓட்டிப் பார்ப்பேன். தோப்பும்படி தாண்டி, இடக்கொச்சிப் பக்கம் ரோடு காலியாகக் கிடக்கும் இடத்தில் மிதிப்பேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் போனபோது பிரேக் பிடிக்காமல் காயல் தண்ணீர் ஓரத்துக் கல்சுவரில் போய் முட்டினேன். நெற்றியில் தையல், காலில் கட்டு. என் மனைவி பாலக்காட்டுப் பக்கம். அவள் ஊர் ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஏழரைச் சனி என்று சொல்லிவிட்டார். அன்று முதல் சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் விளக்கு எரியும். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

இக்கா கடை பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில் டிரம்கள் வரிசையாக நிற்கும். மீன்பிடிப் படகுக்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் எஞ்சின் ஆயிலை அளந்து ஊற்றிக் கொடுப்பதுதான் அவருடைய முக்கிய வியாபாரம். நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் ஆயில் வாங்கினேன். முதல் வருஷம் என்னை நம்பி யாரும் கடன் தராதபோது அவர் தந்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புதுவகை வண்டிகள் வரத் தொடங்கின. அந்த எஞ்சின்களில் கேம் ஷாஃப்டின் நேரத்தை ஓடும்போதே மாற்றுவார்கள். எஞ்சினுக்குள் காற்று போகிற வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம் ஷாஃப்ட். பழைய எஞ்சினில் அது திறக்கிற நேரம் ஒரே நேரம், ஆயுசுக்கும் மாறாது. புதியதில் வேகத்துக்குத் தக்கபடி கொஞ்சம் முன்னால் திறக்கும், கொஞ்சம் பின்னால் திறக்கும். அதைத் திருப்பிவிடுவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். கம்ப்யூட்டர் உத்தரவு கொடுக்க, ஒரு சின்ன மின் வால்வு திறந்து ஆயிலை விட, அந்த ஆயில் போய்த் தண்டின் நுனியில் உள்ள பல்சக்கரத்தைத் திருப்பும். அந்த வால்வுக்கு முன்னால் ஒரு வலை உண்டு. சாயா வடிகட்டியைவிட நுண்ணியது, விரல் நுனி அளவு.

இடக்கொச்சியில் ஐஸ் பிளான்ட் வைத்திருந்தவரின் மகன் அப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்தான். களமசேரியில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலை வளாகத்தில் வண்டிகளை நேரம் வைத்து ஓட விடும் போட்டி ஒன்று வரப்போகிறது, அதற்குத் தயார் செய்ய வேண்டும் என்றான். புது எஞ்சினில் மட்டாஞ்சேரிக்காரன் கை வைத்தால் கெட்டுப்போகும் என்று எர்ணாகுளத்தில் பேச்சு இருந்தது. இந்த ஒரு வண்டி ஜெயித்தால் அந்தப் பேச்சு அடங்கும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

கேம் மாற்றினேன், சைலன்சர் குழாய் மாற்றினேன், கம்ப்யூட்டர் புரோகிராமைத் திருத்தினேன். ஆயில் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று கம்பெனிக் காகித ஃபில்டரை எடுத்துவிட்டு, கழுவிக் கழுவிப் போடுகிற கம்பிவலை ஃபில்டர் ஒன்றை வரவழைத்துப் போட்டேன். அதைக் காட்டிக் காட்டிப் பெருமை வேறு. இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயில் வேண்டும். மட்டாஞ்சேரியில் அதைக் கேட்பாரில்லை. இக்காவிடம் சொன்னேன்.

"இனி இந்த வண்டிதான் வரும் இக்கா. ஒரு டிரம் எடுத்து வெச்சா நிங்களுக்கு நல்லது."

"நீ சொன்னா சரிடா" என்றார். வாங்கிப் போட்டார்.

வண்டி அருமையாக ஓடியது. பையன் எடுத்துக்கொண்டு போனான், சந்தோஷமாகச் சில வாரம் ஓட்டினான். ஏதோ சின்ன வேலைக்காகத் திரும்பக் கொண்டுவந்து சில நாள் பட்டறையில் விட்டான். எடுத்துப் போன பிறகு புகார். சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்குகிறது, சில சமயம் அணைந்தே போகிறது. நடு வேகத்தில் இழுவை இல்லை. அப்புறம் திடீரென்று முதுகில் தள்ளியது போல் பாய்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

ஸ்கேனர் வைத்துப் பார்த்தேன். கேம் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. முதலில் என் கை வேலையைத்தான் சந்தேகப்பட்டேன். முன்பக்க மூடியைக் கழற்றி டைமிங் செயின் அடையாளங்களைப் பார்த்தேன், எல்லாம் நேராக இருந்தன. சென்சார் வயர், சரி. ஆயில் அழுத்தம், சரி. பிறகு எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மின் வால்வுக்கு நேரடியாக பாட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்தேன். ஆயில் ஒழுங்காகப் போனால் கேம் சட்டென்று திரும்பி, எஞ்சின் திக்கித் திணற வேண்டும். வால்வு டிக் என்றது. எஞ்சின் ஒன்றும் நடக்காதது போல் ஓடியது. அப்படியானால் ஆயில் போய்ச் சேரவில்லை.

வால்வைக் கழற்றினேன். வலை முழுக்கப் பழுப்புப் பிசின், தொட்டால் விரலில் ஒட்டியது. வாணலி அடியில் எண்ணெய் காய்ந்து பிடிக்குமே, அந்த மாதிரி. கழுவிப் போட்டேன், எஞ்சின் பழையபடி பாடியது. பையன் கொண்டுபோனான். அடுத்த தடவை பட்டறைக்கு வந்து போன பிறகு மறுபடி அதே கதை. மறுபடி கழற்றினேன், அதே பிசின். இந்தமுறை அதில் கரிந்த நூல் இழைகளும் இருந்தன. பஞ்சு நூல்.

நூலைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தக் காலத்தில் பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி, புதிது என்று டிரம்மில் ஊற்றி விற்கிற ஒரு வேலை அங்கங்கே நடக்கும். துணியில் அரித்தால் நூல் வரும். பழைய ஆயில் வெந்தால் பிசின் வரும். ஆகவே இக்கா என்னை ஏமாற்றுகிறார். வாய் கிளம்பிவிட்டது, மூளை சாயாவுக்குப் போய்விட்டது.

அன்று காலை பஜாரில் நல்ல கூட்டம். மூட்டை இறக்கும் தொழிலாளிகள், லாரி டிரைவர்கள், ஆயில் வாங்க வந்த இடக்கொச்சிப் படகுக்காரர்கள். நான் அந்த வலையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கடை வாசலில் போய் நின்றேன். நின்று பேசவில்லை, கத்தினேன்.

"எந்தா இக்கா இது? பழைய ஆயிலைத் துணியில அரிச்சு எனக்கே விக்கறீங்களா? இத்தனை வருஷம் இதைத்தான் ஊத்தினீங்களா? கள்ள ஆயில்! எல்லாரும் பாத்துக்கோங்க, இதைத்தான் இவர் நிங்க படகிலயும் ஊத்தறார்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கை கூசுகிறது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்து வலையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். திருப்பிச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு வேண்டிய பதில்கூட என்னிடம் தயாராக இருந்தது.

"நூல் உண்டல்லோ" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு அறியாது, மோனே. நான் கம்பெனி டிரம்தான் வாங்கறது. நீ சொல்றதானா, எதோ உண்டாயிருக்கும்" என்றார்.

நான் விறுவிறுவென்று திரும்பி வந்துவிட்டேன். பின்னால் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்து எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அதுதான் இப்போது நினைக்கவே முடியாத இடம்.

எர்ணாகுளத்துக்குப் போய் சீல் வைத்த டின்னில் விலை கூடிய ஆயில் வாங்கி வந்து, எஞ்சினை நன்றாகக் கழுவி, ஊற்றினேன். பையன் கொண்டுபோய் ஓட்டினான். ஒரு குறையும் இல்லை. பார்த்தாயா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடமும் சொன்னேன். இக்கா அப்படிப்பட்ட ஆள் இல்லையே என்று மட்டும் முணுமுணுத்தாள். உனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்றேன்.

போட்டி நெருங்கியது. கடைசியாக ஒரு டியூனிங் பார்க்க வேண்டும் என்று வண்டியை வரவழைத்து ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கும் முன் ஓட்டிப் பார்த்தேன். இடக்கொச்சி ரோட்டில் நடு வேகத்தில் எஞ்சின் செத்துப்போய், பிறகு பாய்ந்தது. சிக்னலில் நடுங்கியது. மஞ்சள் விளக்கு.

பட்டறைக்கு வந்து வண்டியின் எதிரே ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். சீல் வைத்த டின் ஆயில். நான் என் கையால் திறந்தது. இக்கா கடை இதில் எங்குமே வரவில்லை. பையனிடம் போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். எப்போது நன்றாக ஓடியது, எப்போது கெட்டது? அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னான்:

"சேட்டா, சத்தியம் பறஞ்சா, வண்டி என் வீட்ல நின்னா ஒரு பிரச்சினையும் இல்லை. நிங்க பட்டறையில நின்னாத்தான் கேடாவுது."

ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் நோய் வருகிற நோயாளி. அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான், நான் போனை வைத்துவிட்டு நேரே ஸ்பேனரை எடுத்தேன். வால்வை மறுபடி கழற்றினேன். பிசின், கரிந்த நூல். இந்தமுறை கோபம் இல்லாததால் மூளை கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தது. பிசினைத் தகரத்தில் வழித்துப் போட்டுக் கீழே நெருப்பைக் காட்டினேன். எஞ்சின் ஆயில் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் வந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. வழக்கமாக விடிந்ததும் நான் சாயாக் கடைக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை. ஆயிலைச் சொட்டாக வடித்துப் பார்ப்போம் என்று வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பின்பக்கக் கதவு திறந்தது. மனைவியின் கால்கள் வந்தன. பானட் திறக்கும் சத்தம் கேட்டது. அதை எங்கே அழுத்தித் திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆயில் மூடியைத் திருகும் சத்தமும் கேட்டது. கூடவே அந்த வாடை. நல்லெண்ணெய், எரிந்த திரி. எங்கள் வீட்டுச் சனிக்கிழமை வாடை.

அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன். அவள் கையில் அணைந்த விளக்கு, அடியில் மிஞ்சிய எண்ணெய், அதில் கரிந்த திரித் துண்டு. பாதியை ஊற்றிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, ஒளிக்கவும் இல்லை.

"என்ன பண்றே?" என்றேன்.

"சனிக்கு எண்ணெய் விடறேன். எப்பவும் விடறதுதானே."

"எப்பவுமா?"

"ஆக்சிடென்ட் ஆனதிலேர்ந்து. ஜோசியர் சொன்னாராக்கும், சனிக்கு இரும்பு, சனிக்கு எள்ளெண்ணெய், ரெண்டையும் சேத்து வைன்னு. நிங்க எந்த வண்டிய ஓட்டிப் பாக்கப் போறீங்களோ அதுல விடுவேன். கொஞ்சம்தான்."

கொஞ்சம்தான். பழைய எஞ்சின்கள் அத்தனை வருஷமும் அந்தக் கொஞ்சத்தைச் சத்தமில்லாமல் குடித்துச் செரித்திருக்கின்றன. கெட்டியான ஆயில், அகலமான வழிகள், திரியைப் பிடித்து வைக்கக் காகித ஃபில்டர். இந்த எஞ்சினில் விரல் நுனி வலை ஒன்று இருந்தது. காகித ஃபில்டரைப் பிடுங்கி எறிந்தவன் நான். எல்லாம் ஒரே நொடியில் தெளிவாகிவிட்டது. பட்டறையில் ஒரு சனிக்கிழமை கழிந்தால் வண்டி கெடும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர்கூட வேண்டாம், காலண்டர் போதும்.

"ஏழரை முடிஞ்சு போச்சேடி!" என்று கத்தினேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"முடிஞ்சா என்ன? நிங்க ஓட்டறது நின்னுதா?" என்றாள். "நிங்க வண்டிய எடுத்துட்டுப் போனா திரும்பி வர்ற வரைக்கும் நான் அடுப்புல உலை வைக்கறதில்லை. இது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிற நாளில் சாப்பாடு எப்போதும் தாமதமாகும், நான் எப்போதும் சத்தம் போடுவேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த எஞ்சினில் பாதி இரும்பே இல்லை, அலுமினியம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அவளிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். பிசின், நூல், வலை. அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டாள். தன் எண்ணெயால் வண்டி கெட்டதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப இக்கா?" என்றாள்.

அதுவரை நான் அவரை நினைக்கவில்லை. என் பெயர், பையனின் போட்டி, எர்ணாகுளத்துப் பேச்சு, இவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. எந்தத் தப்பும் செய்யாத ஒரு மனிதரின் பெயரை நடுத் தெருவில் போட்டு மிதித்திருந்தேன். அது எனக்கு மூன்றாவது நான்காவதாகக்கூட ஞாபகம் வரவில்லை, இவள் கேட்கும் வரை.

"மத்தியானம் போறேன். ஊண் சமயத்துல கடையில ஆள் இருக்காது. தனியாச் சொல்லிடறேன்."

"கத்தினப்ப ஆள் இருந்துச்சுல்ல?"

"உன்னைப் பத்திச் சொல்லணுமே. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நானும் வரேன்."

முகம் கழுவிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். பஜார் நிரம்பி இருந்த நேரம். தூரத்திலிருந்தே எனக்கு ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. கிட்டே போனதும் புரிந்தது. கடை வாசலில் டிரம் ஒன்றுகூட இல்லை. இருந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறை மட்டும் இருந்தது. உள்ளே அலமாரியில் சீல் வைத்த டின்கள் கொஞ்சம். இத்தனை நாளும் நான் அந்தப் பக்கமே வராமல் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்ததால் இதைப் பார்த்திருக்கவில்லை.

வாசலில் நின்று சத்தமாகத்தான் சொன்னேன். அன்று எவ்வளவு சத்தமோ அவ்வளவு. இக்காவின் ஆயிலில் ஒரு கோளாறும் இல்லை. பிசின் என் வீட்டு விளக்கு எண்ணெய். நூல் என் வீட்டுத் திரி. நான் சொன்னது அத்தனையும் பொய். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். மனைவி குறுக்கே வந்து, "நான்தான் ஊத்தினேன் இக்கா, அறியாம" என்றாள்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு மூட்டைத் தொழிலாளி ஒருவன் பக்கென்று சிரித்தான். "எடா, இவன்டே வண்டிக்குத் திரி போட்டுக் கொளுத்தினா போதும், பெட்ரோல் வேண்டா!" என்றான். பஜாரே சிரித்தது. அவள் தலையைக் குனியாமல் நின்றாள். நான் குனிந்துவிட்டேன்.

"மிண்டாதிரிடா!" என்று இக்கா ஒரு சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சிரிப்பு நின்றது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துத் துடைத்து, "இரிக்கு மோளே" என்று என் மனைவியை உட்காரச் சொன்னார். சாயாவுக்கு ஆள் அனுப்பினார்.

"டிரம் எல்லாம் எங்க இக்கா?" என்று கேட்டேன்.

"நிறுத்திட்டேன்டா."

"படகுக்காரங்க வாங்கலையா?"

"சிலர் வரலை. வந்தவங்களுக்கும் நான் கொடுக்கலை." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீ போன பின்னாடி ஒவ்வொரு டிரம்மாத் திறந்து மோந்து பாத்தேன். துணி முக்கிப் பாத்தேன். ஒண்ணும் தெரியலை. எனக்கு நல்லதாத்தான் தோணுச்சு. ஆனா நீயல்லே சொன்னது? எஞ்சின் சத்தம் கேட்டே சீக்கு சொல்றவன். என் மூக்கைவிட உன் காதைத்தான் நான் நம்பினேன். கெட்ட ஆயில் ஊத்தி, கடல் நடுவுல ஒரு படகு நின்னுபோனா நான் என்ன செய்வேன்?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும். சாயா வந்தது. மனைவி குடித்தாள். என் கையில் கிளாஸ் ஆறிப்போய், ஆடை படியும் வரை இருந்தது.

டிரம்களைத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சினேன். படகுக்காரர்களிடம் நானே இடக்கொச்சிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்கள், நம்பினார்கள், ஆனால் அதற்குள் வேறு கடை பழகிவிட்டிருந்தது. இக்கா டின் வியாபாரத்தோடு நின்றுகொண்டார். வயசாச்சு, டிரம் உருட்டத் தெம்பில்லை என்று காரணம் சொன்னார். எனக்காகச் சொன்ன காரணம் அது.

களமசேரியில் அந்த வண்டி நன்றாக ஓடியது. காகித ஃபில்டரைப் பழையபடி போட்டிருந்தேன். பையன் என்னை எல்லோர் முன்னாலும் இழுத்து நிறுத்தி, கம்பெனிக்காரர்களுக்கே பிடிபடாத நோயை இவர் மூக்காலேயே கண்டுபிடித்தார் என்று சொன்னான். கை தட்டினார்கள். எர்ணாகுளத்திலிருந்து வண்டிகள் வரத் தொடங்கின. நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாமல் எழுந்துவிட்டேன்.

மனைவி விளக்கை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. மிஞ்சிய எண்ணெயை இப்போது பட்டறை மேஜையில் பொருத்தியிருக்கும் பெரிய இரும்பு வைஸில், சாமான்களைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கருவியில், விடுகிறாள். காயல் காற்றில் எங்கள் ஸ்பேனர்கள் எல்லாம் துருப்பிடிக்கும், அந்த வைஸ் மட்டும் பளபளவென்று இருக்கிறது. வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனால் பாலத்திலிருந்து ஒரு போன் செய்துவிடுவேன், வருகிறேன், உலை வை என்று.

இக்கா கடைக்கு ஆயில் வாங்க இன்னும் நான்தான் போகிறேன். புதிதாக ஏதாவது கம்பெனி டின் வந்தால் அவர் அதை அலமாரியில் வைப்பதில்லை. கீழே ஓரமாக வைத்துவிட்டு நான் வருவதற்காகக் காத்திருப்பார். நான் போனதும் ஒன்றைத் திறந்து, கொஞ்சம் விரலில் எடுத்து என் முன்னால் நீட்டுவார்.

"நோக்குடா, நல்லதாணோ? நீ சொன்னா விக்கறேன்."

ஒவ்வொரு முறையும் வாங்கித் தேய்த்துப் பார்க்கிறேன், மோந்து பார்க்கிறேன். நல்லதுதான் இக்கா என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை.